இடது பக்கப் பொத்தான்

அத்தியாயம் 14

வலது தோள்பட்டை விடியும் முன்பே எழுந்துவிட்டது. செட்டர் அதற்கப்புறம்தான் எழுந்தார்.

முப்பத்தோரு வருடச் செட்டர் வேலையில், தகட்டை வெட்டும் இரும்பு அச்சான டையைத் தூக்கிப் பிரஸ்ஸில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிய தோள். ராத்திரி முழுக்க முனகும், காலையில் வெந்நீர் பட்டதும் அடங்கிவிடும். அதுதான் வழக்கம். இந்த எட்டு நாளாக அடங்கவில்லை. கையைத் தூக்கினால் உள்ளே யாரோ ஸ்பேனர் போட்டு முறுக்குகிற மாதிரி ஒரு கடுப்பு. சட்டை போடுவதற்கு மனைவி ஒரு கை பிடித்துவிட வேண்டியிருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டுங்கன்னா காட்டறதில்ல. அவனை ஒரே ஆளா தூக்கிட்டு ஓடினீங்களே, அப்பவே ஏதோ பிசகியிருக்கும்."

அந்த ஓட்டத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவருக்குச் செருப்பைத் தேடுகிற வேலை வந்துவிடும்.

போன வாரம் புதன்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, நாலாம் நம்பர் பிரஸ் அவருடைய தங்கை மகனின் இடது கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நாலையும் எடுத்துக்கொண்டது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரை ஓடி, சரக்கு வண்டியை மறித்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் செட்டர். தங்கை இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை வார்டே பார்த்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் தாய்மாமன்னா இப்படி இருக்கணும் என்றார்கள். கேட்கக் கேட்க அவருக்குத் தோள் கூடுதலாக வலித்தது.

அந்தப் பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான். குடை மாதிரி பச்சை நிறத்தில், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் டை கீழே இறங்கும். ஆளின் இரண்டு கையும் பொத்தான் மேல் இருக்கும்போது விரல் நசுங்க வழியில்லை என்று கணக்குப் போட்டு எவனோ ஒரு நல்லவன் செய்துவைத்த ஏற்பாடு. ஆனால் இரண்டு கையால் அழுத்தினால் ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் பீஸ்தான் வரும். இடது பொத்தானைத் தகட்டுக் கிளிப் ஒன்றால் நிரந்தரமாக அமுக்கி வைத்துவிட்டால், வலது கையால் அடித்துக்கொண்டே இடது கையால் ஷீட்டைத் தள்ளலாம். ஆயிரத்து நானூறு வரும்.

கிளிப்பை வளைத்து மாட்டியவர் செட்டர். எட்டு மாதம் முன்பு, நாலாம் நம்பர் வந்து இறங்கிய வாரமே, மேனேஜர் சொல்லி. சொன்னதற்குச் சாட்சி இல்லை. மாட்டியதைப் பார்த்த மற்ற ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், அவர்கள் மெஷின்களிலும் அதே கிளிப்தான் இருந்தது. விபத்து நடந்த அன்று சாயங்காலத்துக்குள் எல்லாக் கிளிப்பும் கழன்றுவிட்டன. நாலாம் நம்பர் கிளிப் எப்போது கழன்றது என்று யாரும் கேட்கவில்லை. செட்டரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கூடத்துக்கு வந்தபோது மகள் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டார்ச், டேப், அவள் காலேஜில் வாங்கிய, மில்லி கணக்கில் அளக்கும் வெர்னியர்.

"இன்னிக்கு எங்கம்மா? எரிஞ்ச குடோனா, நசுங்கின காரா?"

"உங்க கம்பெனிக்குத்தாம்ப்பா."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எங்க கம்பெனிக்கு எதுக்கு?"

"நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு. தொழிலாளி இன்சூரன்ஸ் எங்க ஆபீஸ் சேதம் பார்த்துக் கொடுக்கற கம்பெனியிலதான் எடுத்திருக்காங்க."

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "ஏன், உன் ஆபீஸ்ல வேற ஆளே இல்லையா? அத்தை பையன் விஷயத்துல நீ போய் நின்னா ஊரு என்ன சொல்லும்?"

"சீனியர்கிட்ட சொந்தம்னு சொல்லிட்டேன்மா. ஆளில்ல, நீ போட்டோவும் அளவும் எடுத்துட்டு வா, ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்து நான் போட்டுக்கறேன்னுட்டார்."

"நல்லபடியா எழுதச் சொல்லு அவரை."

"நல்லபடியான்னா எப்படிம்மா?"

எப்படி என்று செட்டருக்குத் தெரியும். அவர் செருப்பைத் தேடினார்.

மகள் படித்தது மெக்கானிக்கல். அறுபது பேர் வகுப்பில் மூன்று பெண்கள். தொழிற்சாலை வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் மார்க்கைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்கள், ஆளைப் பார்த்து இறக்கினார்கள். ராத்திரி ஷிப்ட் வருவியா, கனம் தூக்குவியா, கல்யாணம் எப்போ. இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு வருடம் போனில் கிரெடிட் கார்டு விற்றாள். அதற்குப் பிறகுதான் இந்தச் சேத மதிப்பீட்டு ஆபீஸ். ஏதாவது எரிந்தால், உடைந்தால், தண்ணீரில் மூழ்கினால் போய்ப் பார்த்து, எப்படி எரிந்தது, ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுக்கிற வேலை.

செட்டருக்கு இது வேலையாகவே படவில்லை. தான் நின்ற தளத்துக்கு மேல் மாடியில், கண்ணாடி அறையில், கம்ப்யூட்டர் முன்னால் மகள் உட்கார்ந்து வரைபடம் போடுவாள் என்று நினைத்துத்தான் படிக்க வைத்தார். பட்டறையில் கேட்டவர்களிடம் "டிசைன்ல இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தார். மூன்று வருடமாக அந்தப் பொய் நன்றாகவே ஓடியது.

தங்கை மகன் கதை இன்னும் மோசம். அவன் எலக்ட்ரானிக்ஸ். டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக் கொடுத்தான், சென்டரை மூடினார்கள். பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தான், வண்டி போனது. கடைசியில் "மாமா, உங்க கம்பெனியில எதாவது" என்று வந்து நின்றான். செட்டர்தான் வழி சொன்னார்: "டிகிரியைக் காட்டாதே. இஞ்சினியர்னு தெரிஞ்சா ஆபரேட்டர் வேலைக்கு எடுக்க மாட்டாங்க. நாளைக்கே நல்லதா கிடைச்சா ஓடிடுவான்னு நெனப்பாங்க. பன்னிரண்டாம் கிளாஸ் சர்டிபிகேட் மட்டும் கொடு." அவன் கொடுத்தான். நாலு வருடப் படிப்பை மறைத்து வாங்கிய வேலை.

* * *

பத்தரை மணிக்கு மகள் மேனேஜரோடு பட்டறைக்குள் வந்தாள். தலையில் கம்பெனி கொடுத்த மஞ்சள் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாலாம் நம்பர் மட்டும் செத்துக் கிடந்தது, சுற்றிலும் சிவப்பு நாடா.

"செட்டர், பொண்ணு டிசைன்ல இருக்குன்னுல்ல சொன்னீங்க?" மேனேஜர் சத்தமாகவே கேட்டார்.

லேத்துக்காரர் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "நசுங்கினது எல்லாத்துக்கும் டிசைன் போடுது சார்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். செட்டர் டூல் ரூம் வாசலில் கைத்துணியால் துடைத்த கையையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மேனேஜர் நல்ல பேச்சுக்காரர். நடந்ததை நேரில் பார்த்தவர் போலவே சொன்னார். "பாருங்கம்மா, ரெண்டு பொத்தான். ரெண்டையும் சேர்த்து அழுத்தணும். போர்டுலயே எழுதிப் போட்டிருக்கோம். இவன் என்ன பண்ணியிருக்கான், பீஸ் நிறைய வரட்டும்னு தானே எதையோ வெச்சு இடது பொத்தானை அமுக்கிட்டான். எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விடுவோமா?"

"எதை வெச்சு அமுக்கினான் சார்?"

"அது கிடைக்கல. ரத்தத்தைக் கழுவும்போது போயிருக்கும்."

"அவனுக்கு அதைச் செய்யத் தெரியும்னு எப்படிச் சொல்றீங்க?"

மேனேஜர் இதற்காகவே காத்திருந்தவர் போலக் கையிலிருந்த ஃபைலைத் திறந்தார். "அதான் விஷயமே. அவன் பன்னிரண்டாம் கிளாஸ் இல்லம்மா. இஞ்சினியர். எலக்ட்ரானிக்ஸ். இப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது, படிச்சதை மறைச்சு உள்ள வந்திருக்கான். சுவிட்ச், வயரிங் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. படிச்சதை மறைச்சவன், பொத்தானைக் கட்டினதை மறைக்க மாட்டானா?"

டூல் ரூம் வாசலில் செட்டர் கைத்துணியை மடித்தார். மறை என்று அவனிடம் சொன்ன வாய் இவருடையது.

மகள் முழங்கால் போட்டு உட்கார்ந்து வலது பொத்தானில் டார்ச் அடித்தாள். பிறகு இடது பொத்தானில். பிறகு மறுபடி வலது. படம் எடுத்தாள். இடது பொத்தானைப் பக்கவாட்டில் படம் எடுத்தாள், அதன் கழுத்தை, அடியை. விரலால் தடவி விரலைப் பார்த்தாள். வெர்னியரை எடுத்துப் பொத்தான் ஓரத்தில் வைத்து அளந்து நோட்டில் ஒரு எண் எழுதினாள். சின்ன வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாளே, அதே உட்கார்வு. சுற்றி ஆள் நிற்பதே தெரியாது.

"இந்தப் பொத்தான் ரெண்டும் எப்ப மாத்தினது சார்?"

"மாத்தவே இல்லம்மா. மெஷின் வந்த நாள்லேருந்து இதுதான். நாங்க எதையும் தொடல, நீங்க தாராளமா பார்க்கலாம்."

அதில் பாதிதான் உண்மை. மாற்றச் சொல்லி விபத்துக்கு மறுநாளே மேனேஜர் செட்டரிடம் சொல்லியிருந்தார். ஸ்டோர்ஸில் சிவப்புப் பொத்தான்தான் இருந்தது. பச்சை வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இதைப் போய் யார் பார்க்கப் போகிறார்கள் என்று மேனேஜரும் விட்டுவிட்டார்.

"அவன் இந்த மெஷினுக்கு வந்து எத்தனை நாள்?"

மேனேஜர் பதிவேட்டைப் புரட்டினார். "கம்பெனிக்கு வந்து ஏழு வாரம். இந்த மெஷினுக்கு..." விரல் ஒரு வரியில் நின்றது. "பதினோரு நாள்."

"அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கறேன்."

"தாராளமா."

மேனேஜர் பதிவேட்டை அவரே பிடித்துக் காட்டினார்.

* * *

சாப்பாட்டு மணி அடித்ததும் செட்டர் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். பழைய டைகளைத் துருப்பிடிக்கப் போட்டு வைத்திருக்கும் இடம். மகள் அங்கே வந்து நிற்பாள் என்று அவருக்குத் தெரியும். வந்து நின்றாள்.

"சாப்பிடலையாப்பா?"

"பசியில்ல."

அவள் கேமராவின் சின்னத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இது வலது பொத்தான். உள்ளங்கை பட்டுப் பட்டுப் பச்சை போய் வெளுத்துக் கிடக்கு. கழுத்தெல்லாம் எண்ணெய் அழுக்கு. இது இடது. புதுசு மாதிரி இருக்கு. யாரும் கையே வைக்கல. கழுத்து சுத்தமா இருக்கு, ஏன்னா அது வெளியவே வரல. அமுங்கியே இருந்திருக்கு. பதினோரு நாள்ல ஒரு பொத்தான் இப்படித் தேயாது, இன்னொண்ணு இப்படிப் புதுசாவே இருக்காது. குறைஞ்சது ஆறேழு மாசம்."

"எட்டு," என்று செட்டரின் வாயில் வந்தது. முழுங்கினார்.

"அப்ப அவன் கட்டலைன்னு ஆகுது. அவன் கட்டலைன்னா கம்பெனி கட்டியிருக்கு. கம்பெனி கட்டினதுன்னா அவனுக்குச் சேர வேண்டியது முழுசா சேரும். அவனே கட்டினதுன்னா ஒண்ணும் கிடையாது. கை போனதும் அவன் தப்பு, வேலை போனதும் அவன் தப்பு."

"சரி, எழுது. அதான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுடுச்சே."

"பொத்தான் தேய்ஞ்சதுதான் கண்ணுக்குத் தெரியும். யார் கட்டினாங்கன்னு பொத்தான்ல எழுதியில்ல. அதுக்கு முன்னாடி இருந்த ஆபரேட்டர் கட்டினான்னு மேனேஜர் சொல்லுவார். இல்லேன்னா வேற எதாவது சொல்லுவார். கட்டின ஆள் வாயால சொன்னாத்தான் நிக்கும்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. செட்டர் அதை இறுக்கினார். நிற்கவில்லை.

"ஓரத்துல ரெண்டு பள்ளம் இருக்குப்பா. தகடு கடிச்ச தடம். தகடோட அகலம் பதினெட்டு மில்லி. நம்ம வீட்டுக் குளியலறை ஜன்னல் ஆடாம இருக்க நீங்க வளைச்சுப் போட்ட கிளிப்பும் பதினெட்டு."

"அதை எப்ப அளந்தே?"

"காலையில."

"வர்றதுக்கு முன்னாடியே?"

"பொத்தானை எதையோ வெச்சு அமுக்கியிருந்துச்சுன்னு கம்பெனி அனுப்பின பேப்பர்லயே இருந்துச்சு. எட்டு நாளா நீங்க அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அத்தை வந்து அழுதப்ப அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டீங்க. அப்பவே சந்தேகம் வந்துடுச்சு. இல்லேன்னு இருக்கட்டும்னுதான் அளந்தேன்."

செட்டர் ஒரு துருப்பிடித்த டையின் மேல் உட்கார்ந்தார். "மேனேஜர் சொன்னார்மா."

"எழுதிக் கொடுத்தாரா?"

"வாயாலேயே மூணு தடவை சுத்தி வளைச்சுச் சொல்ற ஆளு. எழுதியா கொடுப்பார்? ஷிப்டுக்கு ஆயிரத்து நானூறு வேணும்னார். ரெண்டு கையால அடிச்சா தொள்ளாயிரம்தான்மா வரும்."

"இப்ப அவனுக்கு எத்தனை வரும்?"

அவர் தலை நிமிரவில்லை. நாலாம் நம்பரில் அவனைப் போட்டதும் இவர்தான். பீஸ் கூட வருகிற மெஷின், நம்ம பையனுக்கு நாலு காசு சேரட்டும் என்று மேனேஜரிடம் கேட்டு வாங்கிப் போட்டார்.

"எனக்கு இன்னும் மூணு வருஷம்தான்மா. சொன்னா நாளைக்கே வெளிய அனுப்பிடுவாங்க. கேஸும் என் மேலதான் போடுவாங்க, அவர் மேல போட மாட்டாங்க. முப்பத்தோரு வருஷத்துக்குச் சேர வேண்டியது ஒண்ணும் வராது. உங்கம்மாவை நெனச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று அவருக்கு உறைத்தது. மகள் கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் கோபப்படவில்லை, அலுத்துப்போனவள் மாதிரி நின்றாள்.

"இதுக்குத்தான் போலிருக்குப்பா. நாலு வருஷம் படிச்சதுல ஒரு எழுத்தாவது வேலைக்கு ஆச்சுன்னா அது இன்னிக்குத்தான். எனக்கு ஒண்ணும் சந்தோஷமா இல்ல."

பையைத் தோளில் மாட்டினாள். "படம் எல்லாம் இன்னிக்கே சீனியர்கிட்ட கொடுத்துடுவேன். ஒண்ணையும் எடுக்க மாட்டேன், ஒண்ணையும் சேர்க்க மாட்டேன். வீட்டுக் கிளிப் அளவை மட்டும் நோட்டுல எழுதலை. நீங்க அப்பாங்கறதுக்கு என்னால முடிஞ்சது அவ்வளவுதான். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஃபைல் போகுது. அதுக்குள்ள நீங்க வந்து சொன்னா அதையும் சேர்த்துப்பார்."

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். சோறு போடுவீங்க, சாப்பிடுவேன். வேற என்ன பண்ண முடியும்?"

அவள் போன பிறகு இரண்டாம் மணி அடித்தது. செட்டர் எழுந்து போய் ஒரு டையைத் தூக்கினார். பாதியில் தோள் விட்டுக் கொடுத்தது. லேத்துக்காரர் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார்.

"என்ன செட்டர், பொண்ணு திட்டிட்டுப் போயிடுச்சா?"

"இல்ல. நல்லாத்தான் பேசிச்சு."

"அதான் முகத்துல தெரியுதே."

* * *

நாலரை மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில், ஒரே ஃபேன். தங்கை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வந்துட்டியாண்ணா. காலையிலேருந்து மாமா வந்தாரான்னு ரெண்டு தடவை கேட்டுட்டான். நீ உள்ள போ, நான் மாத்திரை வாங்கிட்டு வரேன். சீட்டுல எழுதினது இங்க இல்லையாம், வெளிய வாங்கணுமாம்."

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. செட்டர் பார்ப்பதைப் பார்த்துச் சொன்னாள்: "அவன் டிகிரி சர்டிபிகேட். உங்க மேனேஜர் மத்தியானம் வந்திருந்தார், இதோட ஒரு காப்பி வேணும்னார். எடுத்துட்டு வந்து கொடுத்தேன். நல்ல மனுஷன்ணா. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிட்டுப் போனார்."

செட்டர் உள்ளே போனார்.

தங்கை மகன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நெட்டையான ஆள், கட்டிலுக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. இடது கை முழங்கை வரை வெள்ளைத் துணி, ஒரு கம்பியில் தூக்கிக் கட்டியிருந்தார்கள்.

"வாங்க மாமா. உட்காருங்க. தோள் எப்படியிருக்கு?"

"என் தோளை விடு. மேனேஜர் எதுக்குடா வந்தான்?"

"ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்க. வலது கைதான் இருக்கேன்னு போட்டுக் கொடுத்தேன்."

"என்ன பேப்பர்?"

"கிளிப்பை நானே மாட்டினேன்னு."

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். செட்டர் அவன் பக்கம் குனிந்தார்.

"உனக்குப் பைத்தியமா? ஏன்டா போட்டே?"

"போடலேன்னா உங்க பேரு வரும்னார். செட்டிங் எல்லாம் செட்டர் பொறுப்பு, உங்க மாமாவை உள்ள வெப்பாங்கன்னார். உங்களுக்கு மூணு வருஷம்தான் பாக்கின்னும் அவரே சொன்னார். அம்மாவுக்கு உங்களை விட்டா யாரு?" அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நானும் சும்மா போடல. கேட்ல செக்யூரிட்டி வேலை தரேன்னிருக்கார். வர்ற வண்டி, போற வண்டி நம்பர் எழுதணும். வலது கை போதும்."

"எழுதிக் கொடுத்தானா?"

"வாயாலதான் சொன்னார்."

செட்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சந்தேகம் மாமா," என்றான் அவன். "கேட் வேலைக்கு டிகிரியைக் காட்டலாமா, மறைக்கணுமா? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

அதில் கிண்டல் இருந்ததா என்று முகத்தைப் பார்த்தார். இருந்தது. கிண்டல் மட்டும் இல்லை.

"மாப்ளே... அந்தக் கிளிப்பை..."

"தெரியும் மாமா. முதல் நாளே மெஷின் பக்கத்துல நின்னு கேட்டேன், இது யாரு மாட்டினதுன்னு. லேத்துக்காரர் உங்களைக் காட்டினார். மாமா மாட்டினதுன்னா யோசிச்சுத்தான் மாட்டியிருப்பார்னு நானும் விட்டுட்டேன். எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் நான். அது என்னன்னு பார்த்ததும் புரிஞ்சுது. புரிஞ்சும் பதினோரு நாள் கையை உள்ள விட்டேன். அதனால அந்தக் கையெழுத்துல பாதி உண்மை இருக்கு."

"அப்படிச் சொல்லாதேடா."

"இன்னொண்ணு சொல்லிடறேன். அம்மா வர்றதுக்குள்ள." குரல் இறங்கியது. "கை போனதும் கொஞ்ச நேரம் வலியே தெரியல. எல்லாம் தெளிவா தெரிஞ்சுது. நீங்க ஓடி வந்தீங்க. குனிஞ்சீங்க. என்னைத்தான் பிடிக்க வரீங்கன்னு வலது கையை நீட்டினேன். நீங்க கிளிப்பைப் பிடுங்கினீங்க. பிடுங்கி, குப்பைத் தகடு போடற டப்பாவுல போட்டீங்க. அப்புறம்தான் என்னைத் தூக்கினீங்க."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. செட்டருக்கு அது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது: தகட்டின் சூடு, டப்பாவில் விழுந்த சத்தம், நீட்டியபடி நின்ற கை. எட்டு நாளாக அந்த நாலைந்து நொடியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைத்தான் அவர் வைத்திருந்தார்.

"மேனேஜர்கிட்ட இதைச் சொல்லல," என்றான் அவன். "அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்லணும்னு தோணிச்சு. எல்லாரும் உங்களைத் தெய்வம் மாதிரி பேசறாங்க. நீங்களும் தலையை ஆட்டறீங்க. அதைத்தான் பார்க்க முடியல."

வாசலில் தங்கையின் செருப்புச் சத்தம் கேட்டது. மாத்திரைப் பொட்டலத்தோடு வந்தவள், "என்னண்ணா வேர்த்துக் கொட்டுது? தண்ணி தரட்டுமா?" என்றாள்.

"வேணாம்மா. ஒரு போன் பேசிட்டு வரேன்."

வராந்தாவின் கடைசியில், சக்கரம் கழன்ற ஸ்ட்ரெச்சர்கள் நிற்கும் மூலையில் போய் நின்றார். மகள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்கப்பா."

மேனேஜர் வாங்கிய கையெழுத்தைச் சொல்ல வேண்டும். அது பொய் என்று சொல்ல வேண்டும். அது பொய் என்று எப்படித் தெரியும் என்றால், அடுத்த வாக்கியத்தைச் சொல்லியாக வேண்டும்.

"அப்பா? கேட்குதா?"

"சாப்பிட்டியாம்மா?"

அந்தப் பக்கம் மேஜையில் ஏதோ காகிதம் புரளும் ஓசை.

"சாப்பிட்டேன். நீங்க?"

"ம்."

"பத்து மணி வரைக்கும் ஃபைல் மேஜை மேலதான் இருக்கும்," என்றாள் மகள். போனை அவளாக வைக்கவில்லை, அவராகவும் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவே அணைந்தது.

வார்டுக்குள்ளே தங்கை தன் மகனுக்கு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். செட்டர் வாசற்படியைத் தாண்டவில்லை. அந்தக் கட்டிலில் கிடப்பவனுக்கு அவர் ஒரு வாக்குமூலம் பாக்கி வைத்திருந்தார்: கிளிப்பை மாட்டியது நான், கழற்றியதும் நான், அவன் போட்ட கையெழுத்து பொய்.

அதை இன்னும் கொடுக்கவில்லை.